ஃப்யூஸ் எங்க தம்பி?

கார் டிக்கியில் ஒரு சப்வூஃபர் போடணும்னு உங்களுக்கு எப்பவாவது ஆசை வந்திருக்கா? எங்க ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு இருக்கு. கார் இல்லாதவனுக்குக்கூட இருக்கு. அந்த ஆசையில் தப்பு ஒண்ணும் இல்லை. எனக்கும் இருந்தது. போன வருஷம் செமஸ்டர் லீவில் போட்டும் முடிச்சேன். அதில் என்னென்ன ஆச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். படிச்சிட்டு நீங்களும் போடுங்க, ஆனா படிச்சிட்டுப் போடுங்க.

முதல்லயே ஒரு விஷயம். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் ரெண்டு பக்கத்துக்கு மேல் கடைசியா எழுதினது பன்னிரண்டாவது பரீட்சையில்தான். "கேன்டீன்ல எப்படிச் சொன்னியோ அப்படியே எழுதுடா, ஒற்றெழுத்தை நான் பாத்துக்கறேன்"னு நம்ம இதழ் நண்பன் ஒருத்தன் சொன்ன தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் சோமனூர். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கு. விசைத்தறிக்குப் பேர் போன ஊர். எங்க வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டில் எட்டு தறி ஓடிட்டு இருந்தது. கூலிக்கு நெய்யறது. பாவும் நூலும் வெளியிலிருந்து வரும், நெஞ்சு கொடுத்தால் மீட்டர் கணக்கில் கூலி. நான் படிச்ச ஸ்கூல், போன வேன், போட்ட ஷூ எல்லாமே அந்தக் கூலிதான். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது, இனி கட்டுப்படியாகாதுன்னு அப்பா தறிகளை எடைக்குப் போட்டுட்டார். இப்ப ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலை. போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கினார். எங்க வீட்டுக்கு வந்த முதல் கார்.

அப்பாவுக்குப் பாட்டுன்னா உயிர். தறி ஷெட்டில் அந்தக் காலத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கும். இத்தனை சத்தத்தில் அது பாடறது இவருக்கு மட்டும் எப்படிக் கேக்குதுன்னு சின்ன வயசில் யோசிப்பேன். கார் வந்த அன்னைக்கே பாட்டைப் போட்டு வால்யூமை ஏத்தினார். ஸ்பீக்கர் கரகரன்னுச்சு. "பாட்டு எழும்ப மாட்டேங்குதே கண்ணு"ன்னார்.

எனக்கு அது போதும். ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம் முடிச்ச பையன். இன்டர்ன்ஷிப்பில் வந்த 12,000 ரூபாய் கையில் இருக்கு. அப்பாவுக்குப் பாட்டு எழும்பணும், அவ்வளவுதானே?

12 இன்ச் சப்வூஃபர் ஒண்ணு, பெட்டியோட வாங்கினேன். ஒரு சீனியர் கிட்டேயிருந்து பழைய மோனோ ஆம்ப்ளிஃபையர். கடையில் ஒரு ஒயரிங் கிட். சப்வூஃபர் அட்டைப்பெட்டியில் பெருசா 1200 வாட்ஸ்னு போட்டிருந்தது. கீழே எறும்பு சைஸ் எழுத்தில் ஆர்.எம்.எஸ். 300 வாட்ஸ். நீங்க வாங்கப் போனால் அந்த எறும்பு எழுத்தை மட்டும் படிங்க. 1200 என்பது ஒரு கண நேரம் தாங்கினால் உண்டு. தொடர்ந்து தாங்கறது 300தான். ஆம்ப்ளிஃபையரையும் அதே ஆர்.எம்.எஸ். கணக்கில்தான் பொருத்தணும்.

300 வாட்ஸ் என்ன பெரிய விஷயம், மிக்ஸி அதைவிட ஜாஸ்தி எடுக்குமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா மிக்ஸிக்கு வர்றது 230 வோல்ட். கார் ஓடும்போது கிடைக்கறது கிட்டத்தட்ட 13.8 வோல்ட்தான். கிளாஸ் டி ஆம்ப் சுமார் 80 சதவீத எஃபிஷியன்சின்னு வெச்சுக்கிட்டால், 300 வாட்ஸ் வெளியே வர 375 வாட்ஸ் உள்ளே போகணும். 375-ஐ 13.8-ஆல் வகுத்தால் 27 ஆம்பியர். வீட்டில் ஓடற ஒன்றரை டன் ஏ.சி. எடுக்கறது 7 ஆம்பியர் பக்கம். அதாவது பேஸ் முழுசா அடிக்கற நேரத்தில், டிக்கியில் இருக்கிற இந்தப் பெட்டிக்குப் போற ஒயரில் நாலு ஏ.சி.யோட கரன்ட் ஓடுது. இந்தக் கணக்கைப் பரீட்சையில் கேட்டிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் போட்டிருப்பேன். ஒயர் வாங்கும்போது போடலை.

நான் செஞ்சதை வரிசையா சொல்றேன். கிட்டில் வந்த ஒயர் பார்க்க விரல் தடிமன். உள்ளே கம்பி கொஞ்சம், மேலே ரப்பர் நிறைய. அந்தக் கம்பியும் அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். அதை பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டி, இன்ஜின் ரூமுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு இருக்கே, ஃபயர்வால், அதிலிருந்த ஒரு ஓட்டை வழியா நுழைச்சேன். தகடோட விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பரவாயில்லைன்னு விட்டேன். கார்பெட்டுக்கு அடியில் இழுத்து டிக்கிக்குக் கொண்டு போனேன். ஆர்.சி.ஏ. ஒயரையும் அதுகூடவே சேர்த்து டேப் சுத்தினேன். எர்த்தை ஒரு சீட் போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கினேன். கிட்டில் பேட்டரி பக்கம் மாட்டற ஃப்யூஸ் ஹோல்டர் ஒண்ணு இருந்தது. ஆம்ப்லயே 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கு, இது எதுக்கு இன்னொண்ணுன்னு மேஜை டிராயரில் போட்டேன். கடைசியா ஆம்ப்பில் கெயின்னு ஒரு திருகு. அதை வலது பக்கம் முழுசா திருப்பினேன்.

பாட்டு வந்தது. பின் கண்ணாடி அதிர்ந்தது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சால் கூடவே 'ஙொய்ங்'னு ஒரு சத்தமும் ஏறினது. அதைக் கண்டுக்கலை. ஃபோனில் வீடியோ எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டேன். நாற்பது பேர் தீ எமோஜி போட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு நிஜத்துக்கே போட்டது அந்த ஒயர்.

பழனிக்குப் போயிட்டு இருந்தோம். பல்லடம் தாண்டி உடுமலை ரோடு. அப்பா ஓட்டறார், நான் பக்கத்தில், அம்மா பின்னாடி தூங்கிட்டு இருக்காங்க. ஒரு பிளாஸ்டிக் வாசனை வந்தது. வெளியே யாரோ குப்பை எரிக்கிறாங்கன்னு கண்ணாடியை ஏத்தினேன். வாசனை ஜாஸ்தி ஆச்சு. குனிஞ்சு பார்த்தால் என் காலுக்குப் பக்கத்தில் கார்பெட்டிலிருந்து புகை.

அப்பா ஓரம் கட்டினார், சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார், போனட் லீவரை இழுத்துட்டே இறங்கினார். நான் அம்மாவை இறக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ளே பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கையால் முறுக்கி உருவிட்டார். அந்த நட்டுக்கு 10 எம்.எம். ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் இல்லாமல் எப்படி வந்ததுன்னு கேக்கறீங்களா? ஒயரிங் பண்ணின அன்னைக்கு நான் அதைச் சரியா டைட் பண்ணலை. என்னோட ஆறு தப்பில் ஒரு தப்பு எங்களைக் காப்பாத்துச்சு.

புகை நின்னது. கார்பெட் ஒரு ஜாண் அளவுக்குக் கருகியிருந்தது. அதுக்கு மேலே ஒரு இன்ச்சில் சீட் ஸ்பான்ஜ். அப்பா என்னைத் திட்டலை. ஒயரை பேட்டரியிலிருந்து கழட்டிட்டு, டேஷ்போர்டில் வெச்சிருந்த விபூதியை எடுத்துப் பூசிட்டு, "உக்காரு, வீட்டுக்குப் போலாம்"னு மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஊரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கிட்டே போனேன். படிப்பு எட்டாவதுன்னு அவரே சொல்வார். கருகின ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஃப்யூஸ் எங்க தம்பி?"

"ஆம்ப்ல இருக்குதுங்ணா."

"அது ஆம்ப்புக்கு. ஒயருக்கு எங்க?"

எனக்குப் பதில் தெரியலை. அவரே கேட்டார். "உங்க வீட்டு மேல்தொட்டித் தண்ணிக்கு கேட் வால்வு எங்க வெப்பீங்க?"

"தொட்டிக்குப் பக்கத்துலங்ணா."

"பாத்ரூம் குழாய்கிட்டதான் ஒண்ணு இருக்குதே, அது போதாதா?"

"நடுவுல பைப் ஒடஞ்சா தண்ணி எல்லாம் போயிருமே."

"அதேதான் சாமி. உன்ற பைப் நடுவுல ஒடஞ்சுது."

நாலு வருஷப் படிப்பில் ப்ரொடெக்ஷன் அண்ட் ஸ்விட்ச்கியர்னு ஒரு பேப்பரே இருக்கு. எனக்கு அதில் 'ஓ' கிரேடு. அந்த அண்ணன் மூணு கேள்வியில் சொன்னது அந்த 'ஓ'வில் இல்லை. தகடு விளிம்பில் உரசி உரசி ரப்பர் வெட்டுப்பட்டிருக்கு. உள்ளே இருக்கிற கம்பி பாடியைத் தொட்டிருக்கு. கார் பாடி முழுக்க நெகட்டிவ். அப்போ பேட்டரியிலிருந்து கரன்ட் அந்த இடம் வரைக்கும் வந்து அப்படியே திரும்பிடுது. ஆம்ப்பை அது எட்டவே இல்லை, அங்கே இருக்கிற 30 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது. ஷார்ட் ஆனால் ஒரு கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். அதைத் தடுக்க வழியில் எதுவுமே இல்லை. என் டிராயரில் இருந்தது.

ஆக, நீங்க எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. பேட்டரி பக்கம் மாட்டற ஃப்யூஸ், ஒயரைக் காப்பாத்தறதுக்கு. பேட்டரியிலிருந்து 18 இன்ச்சுக்குள்ளே இருக்கணும். எவ்வளவு ஆம்பியர்ங்கிறது ஒயர் எவ்வளவு தாங்கும்னு பார்த்து முடிவு பண்றது.

அந்த அண்ணன் பட்டறையிலேயே உட்கார்ந்து எல்லாத்தையும் திரும்பப் பண்ணினேன். அவர் பார்த்துட்டே இருந்தார், கை வைக்கலை. முழு செம்பு 4 கேஜ் ஒயர். முன்னாடி போட்டது 8 கேஜ். 5 மீட்டர் நீளத்துக்கு 27 ஆம்பியர் ஓடினால், செம்பு 4 கேஜில் சுமார் 0.1 வோல்ட்தான் இழப்பு. 8 கேஜில் அது ரெண்டரை மடங்கு. செம்புக்குப் பதில் அலுமினியம்னா இன்னும் ஜாஸ்தி. பேட்டரி பக்கம் 60 ஆம்பியர் ஃப்யூஸ். தகடு ஓட்டையில் ரப்பர் க்ரோமெட், அது வழியா ஒயர், ஒயருக்கு மேலே ஃப்ளெக்சிபிள் பைப். எர்த்துக்கு டிக்கியில் ஒரு இடத்தில் பெயின்ட்டைத் தகடு பளபளன்னு தெரியறவரை சுரண்டி, லக் கிரிம்ப் பண்ணி, போல்ட் போட்டு, முடிஞ்சவரை குட்டை ஒயர். பவர் ஒயர் இடது பக்கம், ஆர்.சி.ஏ. வலது பக்கம். அந்த 'ஙொய்ங்' சத்தம் போயே போச்சு. அது ஆல்டர்னேட்டர் சத்தம். மோசமான எர்த்தும், பக்கத்திலேயே போற பவர் ஒயரும் அதைப் பாட்டுக்குள்ளே கொண்டு வந்துட்டு இருந்தது.

அப்புறம் கெயின். அது வால்யூம் இல்லைங்க. ஸ்டீரியோவிலிருந்து வர்ற சிக்னல் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்தற திருகு. முழுசா திருப்பினால் பவர் கூடாது. ஆம்ப்பால் கொடுக்க முடியாத உயரத்துக்கு சைன் வேவ் போகப் பார்க்கும், தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும். அந்தச் சதுரம்தான் வாய்ஸ் காயிலைச் சூடாக்கி எரிக்கறது. சரியா வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சப்வூஃபரைக் கழட்டிடுங்க. ஈக்வலைசரை ஃப்ளாட்டா வெச்சு, ஆம்ப்பில் பேஸ் பூஸ்டை அணைச்சிடுங்க. கெயினைக் குறைச்சிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசி வெச்சு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட விடுங்க. வி ஸ்கொயர் பை ஆர்-தான் பவர். 300 வாட்ஸ், 4 ஓம்னா, 1200-க்கு வர்க்கமூலம், 34.6 வோல்ட். ஆம்ப் வெளியே ஏ.சி. வோல்ட் அந்த எண்ணைத் தொடறவரை மெதுவா கெயினை ஏத்தி நிறுத்துங்க. எனக்குத் திருகு பாதிகூட வரலை. ரெண்டு வாரமா நான் முழுசா திருப்பி வெச்சிருந்தது அதைத்தான்.

எல்லாம் முடிச்சு அப்பாவை உட்கார வெச்சேன். அவருக்குப் பிடிச்ச இளையராஜா பாட்டு. பேஸ் கிடார் தனித்தனியா எழுந்து நின்னது. நான் அவர் முகத்தையே பார்த்துட்டு இருந்தேன்.

"நெஞ்சு அதிருது கண்ணு, ஜோரா இருக்குது"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா என்ன பாடறாங்கன்னுதான் புரிய மாட்டேங்குது"ன்னார்.

எனக்கு நல்லா புரியுது. ஒவ்வொரு வார்த்தையும். அப்பதான் மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்தது. வீட்டில் டி.வி. சத்தம். ஃபோனில் ரெண்டு தடவை "ஏன்?"னு கேக்கறது. எக்ஸாம் டைமில் நானே எத்தனை தடவை "ஏம்ப்பா இவ்ளோ சத்தம் வெக்கறீங்க"ன்னு கத்தியிருக்கேன்.

கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டர் கிட்டே கூட்டிட்டுப் போனேன். ஆடியோகிராம் எடுத்தாங்க. நம்ம ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கிராஃப் மாதிரியேதான் இருக்கு. கீழ் ஃப்ரீக்வென்சி எல்லாம் கிட்டத்தட்ட நார்மல். 3000-லிருந்து சரியுது, 4000 ஹெர்ட்ஸில் பள்ளம். ரெண்டு காதும் ஒரே மாதிரி. பார்த்த உடனே ஆடியாலஜிஸ்ட் கேட்ட கேள்வி, "மில்லா, தறியா?"

தறி ஷெட்டில் சத்தம் சாதாரணமா 90 டெசிபலுக்கு மேலே இருக்கும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்புன்னு அமெரிக்காவோட நையாஷ் நிறுவனம் சொல்லுது. அதுக்கு மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 100-ல் 15 நிமிஷம். அப்பா தறி ஓட்டினது இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், காதில் கொஞ்சம் பஞ்சு. ஒயருக்கு ஃப்யூஸ் போடாதது நான். காதுக்கு ஃப்யூஸே கிடையாது. அது எரியும்போது புகையும் வராது.

ச, ஸ மாதிரி மெல்லிசான எழுத்துச் சத்தமெல்லாம் அந்த மேல் ஃப்ரீக்வென்சியில்தான் இருக்கு. அது போயிட்டால் சத்தம் கேக்கும், வார்த்தை புரியாது. அதுக்கு மேலே இன்னொரு கொடுமை. கீழ் ஃப்ரீக்வென்சி பலமா இருந்தால் மேலே இருக்கறதை மறைச்சிடும். மாஸ்கிங்னு சொல்வாங்க. அப்பாவுக்குப் பாட்டு எழும்பணும்னு நான் போட்ட சப்வூஃபர், அவருக்கு மிச்சம் கேட்டுட்டு இருந்த வார்த்தையையும் மூடிட்டு இருந்தது.

இன்னும் பெரிய ஆம்ப் போட்டால்? அந்தக் கணக்கையும் போட்டுடறேன். பவரை ரெண்டு மடங்காக்கினால் கிடைக்கறது 3 டெசிபல்தான். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு பவர். 300 வாட்ஸை 3000 ஆக்கணும், 270 ஆம்பியர். சின்ன காரோட ஆல்டர்னேட்டர் அதில் பாதிகூடக் கொடுக்காது. கொடுத்தாலும் அப்பாவோட 4000 ஹெர்ட்ஸுக்கு அதில் ஒரு வாட்கூடப் போகாது.

அதனால் திரும்ப பட்டறைக்குப் போனேன். இந்தத் தடவை செலவு பண்ணினது முன் கதவில். ட்வீட்டர் தனியா இருக்கிற நல்ல கம்போனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதுக்குச் சின்னதா ஒரு ரெண்டு சேனல் ஆம்ப், கதவுத் தகடு அதிராமல் இருக்க உள்ளே டேம்பிங் ஷீட். ட்வீட்டரைக் காது பார்த்த மாதிரி மேலே வெச்சேன். சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பாடற மாதிரி லோ பாஸ், லெவல் ரொம்பக் கீழே. 2000-லிருந்து 4000 வரைக்கும் ஈக்வலைசரில் கொஞ்சம் தூக்கினேன். எனக்குக் கேட்டால் லேசா காதைக் குத்தும். அப்பாவுக்குச் சரியா இருக்கு.

இது வைத்தியம் இல்லை, அதையும் சொல்லிடறேன். உள்காதில் போன செல் திரும்ப வராது. டாக்டர் ஹியரிங் எய்டுன்னு சொன்னார். அப்பா "பாக்கலாம்"னார். எங்க வீட்டில் "பாக்கலாம்"னா பெரும்பாலும் இல்லைன்னு அர்த்தம். நான் விடறதா இல்லை. ப்ளேஸ்மென்ட் கிடைச்சிருக்கு, முதல் சம்பளம் எதுக்குன்னு முடிவும் பண்ணிட்டேன்.

தைப்பூசம் முடிஞ்சு, கூட்டம் குறைஞ்சதும், விட்டுப்போன பழனிக்குத் திரும்பப் போனோம். அதே ரோடு. உடுமலை நெருங்கும்போது அப்பா வால்யூமைத் தானே ரெண்டு புள்ளி குறைச்சார். அவர் குறைச்சு நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் சிரிச்சார். "இந்தப் பாட்டுல ஒரு வார்த்தைய இத்தன வருசமா நான் தப்பாவே பாடிட்டு இருந்திருக்கறன் கண்ணு"ன்னார். பின்னாடியிலிருந்து அம்மா, "நான் கல்யாணமான வருசமே சொன்னனே, உங்களுக்கெங்க கேட்டுச்சு"ன்னாங்க.

அப்பா இப்பவும் வெளியூர் கிளம்பறதுக்கு முன்னாடி போனட்டைத் திறந்து அந்த 60 ஆம்பியர் ஃப்யூஸைத் தொட்டுப் பார்க்கிறார். நீங்க உங்க காரில் போடும்போது அதை முதலில் மாட்டுங்க. பாட்டு அப்புறம் வரட்டும்.